கள்ளனைக் காட்டச் சொல்லிக் கேட்ட பதின்மூன்று செவ்வாய்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான உறவுகளே, சாட்சி சொல்கிறவர்களை நான் இலேசில் நம்புகிறவன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செபக்கூட்டத்தில் யாராவது எழுந்து, "ஆண்டவர் எனக்கு ஒரு காரியம் செய்தார்" என்று தொடங்கினால், இவர் கடைசியில் எதை விற்கப் போகிறாரோ என்றுதான் என் மனம் ஓடும். அப்படிப்பட்டவன் இன்று சாட்சி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எதையும் விற்க வரவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான்.

மெல்பேர்ணில், ட்ருகனினாப் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் பல வருடம் பெட்டி தூக்கினேன். ஒரு நாள் முதுகு போனது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் எழுதித் தந்தார். பாரம் தூக்காத வேலை எனக்கு யார் தருவார்? என் மனைவி மெற்றில்டா முதியோர் இல்லத்தில் கூடுதல் நேரம் வேலை செய்தாள். நான் வீட்டில் கதிரையில் இருந்தேன்.

மகள் அனிஷா பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில் பெற்றோரின் தொழில் விபரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒக்கியூபேஷன் என்ன போடுறது?"

"சும்மா விடு."

"ஓகே" என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். பிள்ளையின் மனதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கோடு நெஞ்சைக் கீறியது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மீன். மன்னாரில் மீனோடு வளர்ந்தவன். இங்கே எங்கள் ஆட்கள் சந்தையில் மீனைப் பார்த்துவிட்டு, இது குழம்புக்கா பொரியலுக்கா என்று தெரியாமல் நிற்பார்கள். எந்த மீன் எங்களுடைய எந்தக் கறிக்குச் சரிவரும் என்று தமிழில் எழுதினால் என்ன என்று தோன்றியது. செபக்குழுவில் றெஜி என்று ஒரு தம்பி இருக்கிறான். கணினி வேலை. ரோவிலில் இருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஓர் இணையத்தளம் அமைத்துத் தந்தான்.

"அண்ணை, நல்லா வந்தா விளம்பரத் திட்டம் ஒண்டில சேரலாம். அவை தளத்தைப் பாத்து அங்கீகாரம் தந்தால் பக்கத்தில விளம்பரம் வரும். அதுக்குக் காசு தருவினம். பெரிசா வராது, ஆனா அது உங்கட உழைப்பு" என்றான்.

உங்கட உழைப்பு என்ற அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அங்கீகாரம் கிடைத்தால் நானும் ஒரு வேலை செய்கிற மனிதன். கிடைக்காவிட்டால் அந்தக் கோடுதான்.

றெஜி இன்னொன்றும் சொன்னான். "உங்கட பேரையும் படத்தையும் போடுங்கோ அண்ணை."

"என்ர பேர் ஏன்? கண்டவன் எல்லாம் பாத்து என்ன செய்வானோ."

"ஆர் எழுதுறது எண்டு தெரியாட்டி ஆர் நம்புவினம்?"

நான் போடவில்லை. என் பெயரில் இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அன்றே ஒரு முள் குத்தியது.

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை, என்ன சமைப்பது என்று செபக்குழு வட்ஸ்அப்பில் பெண்கள் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு வியாழனும் ஒரு மீன் குறிப்பைத் தொலைபேசியில் எழுதிக் குழுவில் போட்டேன். ஒரு கிழமை கழித்து அதையே கொஞ்சம் வெட்டித் தளத்தில் ஏற்றினேன். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். போதிய கட்டுரைகள் சேர்ந்ததும் றெஜி விண்ணப்பம் போட்டான்.

மறுப்பு வந்தது. இரண்டு வசனம்தான். இதிலுள்ளவை வேறு இடங்களிலும் காணப்படுகின்றன. இதை நடத்துபவர் யார் என்பது தெளிவாக இல்லை. இரண்டாவது வசனத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முதலாவது என் தலைக்குள் தீயை வைத்துவிட்டது. நான் எழுதியது வேறு இடத்திலா?

என் கட்டுரையிலிருந்து ஒரு வரியைப் போட்டுத் தேடினேன். வந்தது. ரொறன்ரோவில் ஒரு பெண் நடத்தும் சமையல் தளம். "அறக்குளாக் குழம்பு மிச்சம் இருந்தால் மறுநாள் கட்லட் செய்யலாம்" என்று நான் எழுதியது சொல்லுக்குச் சொல் அங்கே இருந்தது. போதாதற்குப் பக்கத்தில் சமன் மீனின் படம். அறக்குளாவுக்கு சமன் படம் போட்டவளை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். நாலு வரிக்கு மேல் வாசிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

யார் கொடுத்தது? தளத்தின் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று நான், மற்றது றெஜி. றெஜியின் மச்சாள் இருப்பது ரொறன்ரோவில். வேறென்ன வேண்டும்? ஒரு சனிக்கிழமை என் மடிக்கணினித் திரையை அவன் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. கோயில் வாசலில் யாருடனோ தொலைபேசியில் சிரித்துக் கதைத்ததும் நினைவுக்கு வந்தது. சந்தேகத்துக்குத் தீனி போட ஆரம்பித்தால் அது எதையும் தின்னும். அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். அவன் அழைத்தால் எடுக்கவில்லை.

மெற்றில்டாவிடம் மெதுவாகக் கேட்டேன். "றெஜியின்ர மனுசி உம்மோட ஏதும் கதைச்சவவோ? ரொறன்ரோவைப் பற்றி?"

"உங்களுக்கு விசரே? அந்தப் பெடியன் பெற்றோல் காசு கூட வாங்கேல்ல."

அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். ஏன் வாங்கவில்லை?

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் புனித அந்தோனியார். அவர் திருநாளுக்கு முன் பதின்மூன்று செவ்வாய் பக்தி செய்வது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு நானும் தொடங்கினேன். மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் நிற்க முதுகு விடாது, கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் கேட்டது அங்கீகாரத்தை அல்ல. உறவுகளே, வெட்கத்தோடு சொல்கிறேன், "அந்தோனியாரே, கள்ளனைக் காட்டித் தாரும்" என்றுதான் கேட்டேன். பேர் தெரிந்த கள்ளனுக்குச் சாட்சி மட்டும் தேடினேன்.

உயிர்த்த ஞாயிறு தமிழ்த் திருப்பலியில், ஒருவருக்கொருவர் சமாதானம் பகிரும் நேரம் வந்தது. றெஜி இரண்டு வரிசை தாண்டி வந்து கையை நீட்டினான். நான் குனிந்து, என் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். நாடா அவிழவே இல்லை. அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டான். நிமிர்ந்தபோது முதுகு சுள்ளென்று குத்தியது. மெற்றில்டா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செபக்கூட்டத்திலும், அண்ணையின் இணையத்தளத்துக்காகவும் செபிப்போம் என்று றெஜி செபக் கருத்துச் சொல்லத் தொடங்கினான். எல்லோர் முன்னாலும் என்னைப் பகிடி பண்ணுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். "ஆமென்" என்று கூடச் சொல்லவில்லை. இதற்கிடையில் நானே இரண்டாவது விண்ணப்பம் போட்டேன். அதுவும் மறுக்கப்பட்டது. அதே இரண்டு வசனம்.

பதினோராவது செவ்வாய். முதுகுக்கு மருந்து எழுதுவிக்க டொக்டரிடம் போய்க் காத்திருந்தேன். மன்னாரிலிருந்து தங்கச்சி வட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பியிருந்தாள். பல தடவை பகிரப்பட்டது என்ற அடையாளம் மேலே இருந்தது. அதோடு அவளுடைய குரல்: "அண்ணா, இஞ்ச கோயில் ஆக்கள் எல்லாரும் இதைப் பாத்துத்தான் கட்லட் சுடினம். உங்கட மெல்பேர்ண் அறக்குளாவுக்கும் சரிவரும், அண்ணியிட்டக் குடுங்கோ."

திறந்தேன். என் அறக்குளா. என் கட்லட். இந்த முறை மூடவில்லை. கள்ளனின் அடையாளம் எங்காவது இருக்குமென்று கடைசி வரை வாசித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது:

"இது வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாத எல்லா வீடுகளுக்கும் போகட்டும். தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்."

மறுபடியும் வாசித்தேன். அந்த வரி தளத்தில் இல்லை. தளத்தில் ஏற்றும்போது நான் வெட்டிவிடுவேன். அது நான் வியாழக்கிழமைகளில் செபக்குழுவில் போட்டதில் மட்டும் இருக்கும் வரி. உடனே ரொறன்ரோ தளத்தைத் திறந்து கீழே போனேன். அங்கேயும் அதே வரி. பாஸ்வேர்ட் தெரிந்தவன் எடுத்திருந்தால் அந்த வரி அங்கே இருக்க வழியே இல்லை.

அனுப்புங்கள் என்று சொன்னவன் நான். அனுப்பினார்கள். குழுவில் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று பயந்து பெயர் போடாமல் விட்டவனும் நான். அதனால் அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அதை ஒரு புண்ணியமாக நினைத்திருந்தேன். புண்ணியம் செய்த இடத்தில் போய் யார் பிழை தேடுவார்?

கள்ளனைக் காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார். என் முறை வந்து பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. கண்ணீர் வழிந்தது. முதுகு நோ கூடிப்போய்விட்டது என்று நினைத்துத் தாதி ஓடிவந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ரோவிலுக்குப் போனேன். அவன் எனக்காக எத்தனை தரம் ஓடிவந்த பாதை என்பது ஒரு மணித்தியாலம் முதுகு நோக ஓட்டியபோதுதான் விளங்கியது. றெஜி கதவைத் திறந்தான்.

"கள்ளன் ஆரெண்டு அந்தோனியார் காட்டித் தந்திட்டார்" என்றேன்.

"ஆர் அண்ணை?"

"நான்தான்." எல்லாவற்றையும் சொன்னேன். "நான் உன்னைத்தான் நினைச்சனான், றெஜி."

"தெரியும் அண்ணை. பாஸ்வேர்ட் மாத்தின அண்டே தெரியும்."

"தெரிஞ்சுமோ எனக்காகச் செபிக்கச் சொன்னனீ?"

"வேற என்ன செய்யிறது? நீங்கள் போன் எடுக்கேல்லையே."

உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தான். பழைய மறுப்புக் கடிதத்தைத் திறந்து, நான் தாண்டிப் போன இரண்டாவது வசனத்தைக் காட்டினான். இதை நடத்துபவர் யார் என்பது தெளிவாக இல்லை. நான் ஊரையெல்லாம் சந்தேகித்து ஒளிந்திருந்தேன். ஒளிந்திருப்பவனை அவர்கள் சந்தேகித்தார்கள். அதில் என்ன பிழை?

ரொறன்ரோப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான் எழுதிய கடுமையான வரிகளை றெஜி ஒவ்வொன்றாக அழித்தான். மறுநாளே பதில் வந்தது: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா. வட்ஸ்அப்பில பேர் இல்லாமல் வந்தது. அனுப்பச் சொல்லித்தானே இருந்தது." கட்டுரையை எடுத்துவிட்டாள். சமன் படத்தையும் எடுத்துவிட்டாள், அவளை மன்னித்தேன். நான் எல்லாக் குறிப்புகளையும் புதிதாக எழுதினேன். மீன் வாங்கி, குசினியில் நானே வெட்டிப் படம் எடுத்துப் போட்டேன். 'நான் யார்' என்று ஒரு பக்கமும் வைத்தேன். அதற்கு மெற்றில்டா என்னைப் படம் எடுத்தாள்.

"கொஞ்சம் சிரியுங்கோ. பொலிஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கு."

பதின்மூன்றாவது செவ்வாய் விண்ணப்பம் போட்டோம். அன்று நான் கள்ளனைக் கேட்கவில்லை. "இந்த மனுசனை மன்னித்து ஒரு வழி காட்டும்" என்று கேட்டேன். அந்தோனியார் திருநாள் அன்றே பதில் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பொய் சொல்லிச் சாட்சி எழுதக் கூடாது.

அடுத்த கிழமை "வாழ்த்துக்கள்" என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. எனக்கு யார் வாழ்த்துச் சொல்வது? இது நிச்சயம் மோசடி என்று குப்பையில் போட்டேன். மூன்று நாள் கழித்து றெஜி அழைத்தான்.

"அண்ணை! உங்கட அறக்குளாவுக்குப் பக்கத்தில சப்பாத்து விளம்பரம் வருது!"

"ஐயோ, ஆரோ உள்ளுக்கை பூந்திட்டாங்கள்!"

"ஒருத்தரும் பூரேல்ல. அங்கீகாரம் கிடைச்சிட்டுது. உங்கட மெயிலைப் பாருங்கோ!"

குப்பையைக் கிளறி அந்த மின்னஞ்சலை எடுத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். அடுத்த தமிழ்த் திருப்பலியில் குருவானவர் சமாதானம் என்று சொல்லி முடிக்கும் முன்பே நான் இரண்டு வரிசை தாண்டிப் போய்விட்டேன். றெஜி குனிந்து தன் சப்பாத்து நாடாவைத் தொட்டான். ஒரு விநாடி எனக்கு உயிர் போய்வந்தது. பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்து என் கையைப் பிடித்தான்.

இந்த ஆண்டும் பள்ளிக்கூடப் படிவம் வந்தது. அனிஷா என்னைக் கேட்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன், 'ரைற்றர்' என்று எழுதியிருந்தாள். மீனைப் பற்றி என்றும் சேர்க்கச் சொன்னேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள்.

சந்தேகம் என்னை விட்டு அடியோடு போய்விட்டது என்று எழுதினால் மெற்றில்டாவே சிரிப்பாள். இன்றும் வரும். வந்தால் இப்போது முதலில் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன், பிறகு அந்த ஆளையே அழைத்துக் கேட்கிறேன். உறவுகளே, நீங்களும் யாரையாவது நினைத்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தால், தொடர்ந்து ஏற்றுங்கள். அவர் பதில் தருவார், நம்புங்கள். நீங்கள் கேட்ட பெயர்தான் பதிலில் இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

முன்பென்றால் இதன் கீழ் 'ஆண்டவருக்குள் ஒரு சகோதரன்' என்று போட்டுவிட்டு ஒளிந்திருப்பேன். என் பெயர் சூசைமுத்து பெனடிக். இதை நான்தான் எழுதினேன். தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், பெயரோடு.