தக்ஷிகா பாடிய நான்கு வரி

லண்டன் நோர்பரி கடைத்தெருவில் ரதீசனை ரதீசன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'நேர்ஸ் தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சியில் பல வருடங்களாக ஓடிய ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் அவன் நேர்ஸாக நடித்துக்கொண்டிருந்தான். மீன் வாங்கப் போனால் கடைக்காரர் தன் முழங்கால் நோவுக்கு என்ன பூசலாம் என்று கேட்பார். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தெரியாது அண்ணை, நான் நடிக்கிறனான்" என்பான். அவர் நம்பமாட்டார். அம்மாவுக்கு அதில் அளவில்லாத பெருமை. அவனுக்கும் தொடக்கத்தில் பெருமைதான். பிறகு சலித்துவிட்டது.

அவனுக்கு வேண்டியிருந்தது ராப் பாட்டு. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எழுதுவான், தன் அறைக்குள் நின்று சொல்லிப் பார்ப்பான். முதல்முதலாக ஒரு சின்ன மேடையில் ஏறியபோது, நாலு வரி சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "நேர்ஸ், எனக்குப் பிரஷர் பார்த்துவிடு" என்று ஆங்கிலத்தில் கத்தினான். மண்டபமே சிரித்தது. மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. நடிகன் பொழுதுபோகாமல் ராப் பாடுகிறான் என்ற பெயர் மட்டும் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு மனதில் ஒரு பயம் விழுந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தப் பயம்தான் காரணம்.

தங்கை தக்ஷிகா அப்போது மருந்தாளர் படிப்பில் இருந்தாள். சிறுவயதில் சனிக்கிழமைகளில் பாட்டு வகுப்புக்குப் போய், பரீட்சைகள் வந்ததும் நிறுத்திவிட்டவள். ஆனாலும் வீட்டில் அவள் வாய் சும்மா இருக்காது. குளிக்கும்போதும் பாட்டு, கோப்பை கழுவும்போதும் பாட்டு. ஒரு மழை நாளில் ரதீசன் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ராப்பை அவளுக்குச் சொல்லிக் காட்டினான். அப்பா பாலேந்திரா பெட்ரோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் செய்து பிள்ளைகளை வளர்த்த கதை அது.

"நல்லா இருக்கு அண்ணா. ஆனா இடையில தமிழில ஏதாவது வந்தா அப்பாவுக்கும் விளங்கும்," என்றாள்.

சொன்னவளே கட்டிலில் இருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நான்கு வரி வந்துவிட்டது.

*விடிய முன்னம் போன அப்பா*
*விளக்கு வைச்சும் வரேல்லையே*

என்று தொடங்கும். வெளியிலிருந்து சத்தம் பதிவில் விழாமல் இருக்க, தலைக்கு மேல் தடித்த போர்வையைப் போட்டுக்கொண்டு மைக்குக்குள் பாடினாள். பாடி முடித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை, ஆனால் சிரிப்பு.

அந்தப் பாட்டை இணையத்தில் போட்டார்கள். நாளாக ஆகக் கேட்பவர்கள் கூடினார்கள். ஒரு இசைக் கம்பனியிலிருந்து பிரியம்வதா என்ற சென்னைக்காரப் பெண் கூப்பிட்டாள். இதைத் திரும்பவும் ஒழுங்காகப் பதிந்து வெளியிடலாம் என்றாள். ரதீசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் அவள். "அந்த நாலு வரியை மட்டும் பேரு உள்ள ஒருத்தர் பாடினா நல்லா இருக்கும். உங்க தங்கச்சி குரல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்கள யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

"அவளிட்ட ஒருக்காக் கேக்க வேணும்."

"தாராளமா கேளுங்க. வெள்ளிக்கிழமை சொன்னாப் போதும்."

கேட்பதற்கு ஒரு வாரம் இருந்தது. ஒவ்வொரு இரவும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிட்டார்கள். கம்பனி பாட்டை வெளியிடப்போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், திரும்பப் பதிவதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, வீடியோ எடுக்கேக்க நானும் வரவேணுமோ? அப்பிடியெண்டா நான் இப்பவே லீவு சொல்ல வேணும்."

"பிறகு சொல்லுறன்," என்றான். சொல்லிவிட்டு ஏதோ பகிடி விட்டான். அவளும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை பிரியம்வதாவுக்கு போன் எடுத்து, சரி என்று சொல்லிவிட்டான். தங்கையிடம் கேட்டீர்களா என்று அவள் விசாரித்தாள். ஓம், அவளுக்கும் சம்மதம் என்றான்.

பாட்டு வானொலியில் முதன்முதலாக ஒலித்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். லண்டனின் மறுபுறம், செவன் கிங்ஸிலிருந்து சித்தி குடும்பத்தோடு கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அப்பா நடுவில் இருந்தார். ரதீசன் கதவோரம் நின்றான். தக்ஷிகாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்து, ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்கே வந்தது அவனுக்கு வசதியாகவே இருந்தது.

பாட்டு தொடங்கியது. அவன் குரல் வந்தது, எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு அந்த நான்கு வரி. வேறொரு குரல், மெழுகி எடுத்தது போல, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது.

அம்மா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். சித்திக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. தக்ஷிகாவின் கையைப் பிடித்து, "மெசின்ல போட்டால் உன்ர குரல் எவ்வளவு வடிவா வருது பிள்ளை," என்றார்.

"அது நானில்லை சித்தி. அவ பெரிய பாட்டுக்காரி," என்றாள் தக்ஷிகா. பாட்டு முடியும்வரை இருந்து கேட்டாள். முடிந்ததும், "நல்லா வந்திருக்கு அண்ணா," என்று சொல்லிவிட்டு எழுந்து போய் கேக் வெட்டினாள்.

எல்லாரும் போன பிறகு அப்பா கேட்டார். "வரி அவளின்ரதானே. பேராவது போட்டினமோ?"

"ஓம் அப்பா. எழுதினது அவள் எண்டு போட்டிருக்கு."

அப்பா தலையசைத்தார்.

பாட்டு நன்றாக ஓடியது. அந்தக் கோடை முழுவதும் ரதீசன் ஊர் ஊராக மேடை ஏறினான். தொடரை விட்டு விலகினான். நேர்ஸ் என்று கூப்பிடுவதும் மெல்ல நின்றது. விரும்பியதெல்லாம் கைகூடிவந்த காலம் அது. வீட்டில் பாட்டுச் சத்தம் நின்றுபோனதை அவன் வெகுநாள் கவனிக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டபோதுதான் உறைத்தது. அவளுடைய கலியாணத்தன்று, ஒரு தேவாரமாவது பாடு என்று அம்மா கேட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

தன் முழு இசைத்தொகுப்பு ஒன்றைத் தொடங்கியபோது, கலியாணமாகி அவள் குடிபோயிருந்த செவன் கிங்ஸுக்கு ரதீசன் அவளைத் தேடிப் போனான். கணவன் ஹரிசன் வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒரு பாட்டு இருக்கு. நீதான் பாட வேணும். இந்த முறை கம்பனி என்ன சொன்னாலும் நான் விடமாட்டன்."

"ஏலாது அண்ணா."

"இன்னும் கோவமோ?"

"கோவம் அப்ப இருந்தது. இப்ப இல்லை. நீ வந்து கேட்டிருந்தா நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். உனக்கு நல்லது நடக்கிறதை நான் மறிப்பனோ? ஆனா அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டியே, பகிடி விட்டியே. பாட வாயைத் திறந்தா எனக்கு அதுதான் வருது."

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் ஓம் என்றாள். அது பொய்யில்லை, உண்மையாகவே மன்னித்துவிட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் பாடமாட்டாள்.

தொகுப்பு வெளிவந்தபோது அதில் ஒரு பாட்டிலும் வேறு குரல் இல்லை. அது துணிச்சலான முடிவு என்று சிலர் எழுதினார்கள். அவன் திருத்தப் போகவில்லை. லண்டனில் நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட் அனுப்புவான். ஹரிசன் மட்டும் வருவார். "அவவுக்கு வேலை மச்சான்," என்று தோளில் தட்டிச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் நிற்பார்.