மாட்டு ரத்தம் இறங்காது

கே.கே. நகரில் என் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் வாடகைக்கு இருக்கிறது. என் கட்டடம் என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சமயநல்லூர்ப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்து, பால் பண்ணை வைத்து எழுப்பிய மூன்று மாடி அது. அங்கே என்னை யார் வெளியே போகச் சொல்ல முடியும்? அந்தத் தைரியத்தில்தான், என் மனைவியின் ரத்தம் நின்ற கண்ணாடிக் குழாய்க்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கிடந்தாள். மாத்திரை சாப்பிட்டதும் வீக்கம் வடிந்தது. ஆனால் முகம் பூரிபோல உப்பிவிட்டது, தூக்கம் போய்விட்டது. பீரோக் கண்ணாடியில் பழைய சேலையைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டாள். பிறகு டாக்டர் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்றார். நிறுத்திய பிறகும் நோய் அடங்கியே இருக்கிறதா, மறுபடி கிளம்பிவிட்டதா என்று இந்தக் குழாய்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கலந்து, குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைப்பார்கள். சிவப்பு மெல்லக் கீழே இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். வேகமாக இறங்கியிருந்தால் மறுபடி மாத்திரை.

"திரும்ப அந்த மாத்திரைன்னா என்னைய விட்ருங்க. நான் திங்க மாட்டேன்" என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ரத்தம் எனக்குப் புதிதில்லை. தரகு பார்த்த காலத்தில், கால்நடை ஆஸ்பத்திரியில் முரட்டு மாட்டை அமுக்கிப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கிருந்த டாக்டர் எடுத்த ரத்தத்தையெல்லாம் குழாய்களில் ஊற்றி ஜன்னலோரம் நிறுத்தி வைப்பார். மாட்டு ரத்தம் காலையில் நின்ற இடத்திலேயே சாயங்காலமும் நிற்கும். ஆட்டு ரத்தமும் அப்படித்தான். ஆனால் ஒரு வண்டிக் குதிரையின் ரத்தம், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சரசரவென்று இறங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. குதிரைக்கு ஆயுசு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டர் சிரித்தார். குதிரையின் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்து மூழ்கிவிடுமாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்படி ஒட்டாதாம். அதிலும் ஆட்டின் அணுக்கள் ரொம்பப் பொடியாம். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட தரகன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். ஆனால் மனுசனைப் பற்றி அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்க என்ன அவசியம் இருந்தது?

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சிவப்புக்கு மேலே நூல் கனத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"ஏத்தா, இறங்குதே!"

குழாயை வைத்த பெண் திரும்பிப் பார்த்தாள். "மனுச ரத்தம் இறங்கத்தான்யா செய்யும்."

"மாடுன்னா இந்நேரம் அசையாம நிக்கும்."

"அம்மா மாடு இல்லையே?"

"அப்பக் குதிரையா?"

"ரெண்டும் இல்ல. நடுவுல. எம்புட்டு இறங்குதுன்னுதான் பாக்கணும். நீங்க மொதல்ல கால ஆட்டாம இருங்க. மேசை அதிருது பாருங்க. அதிர்ந்தா வேகமா இறங்கிரும்."

அப்போதுதான் என் முழங்கால் மேசைக் காலில் இடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் போட்டு, இரண்டு கைகளாலும் தொடையை அமுக்கிப் பிடித்தேன். என் கால் ஆடியதற்கு என் மனைவி மாத்திரை தின்ன வேண்டுமா? மூச்சைக்கூட அளந்து விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப்பக்கம், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடத் தொடங்கியது. இந்தத் தெருவிலேயே பெரிய மோட்டார் என்று நான் பெருமையாகச் சொல்லி மாட்டியது. அலமாரியில் சீசாக்கள் கிணுகிணுவென்றன. எழுந்து ஓடிப்போய் சுவிட்சை அமர்த்தினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. மோட்டாரால் இறங்கியதா, நோயால் இறங்கியதா? அந்தப் பெண்ணிடம் கேட்கப் பயமாக இருந்தது. மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொன்னவன், கொம்பைப் பார்த்துக் குணம் சொன்னவன். ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"போன தடவைய விட நல்லாவே குறைஞ்சிருக்குய்யா. அம்மா வயசுக்கு இது சரியான அளவுதான்."

வெளியே பெஞ்சில் என் மனைவி விரல்களை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல் தரம்! ஒண்ணும் பயமில்ல" என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சினை பிடிக்காத மாட்டையே முதல் தரம்னு வித்த ஆளு நீங்க. அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க."

கையுறையோடு அந்தப் பெண்ணே வந்து சொன்னாள். அப்புறம்தான் என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். வலது கையை மெதுவாக மூடினாள், திறந்தாள், மறுபடி மூடிப் பார்த்தாள்.

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, குழாயில தண்ணி வரல!"

"போயி மோட்டாரப் போடுங்க" என்றாள். "அதான் ரத்தம் பாத்தாச்சுல்ல."