தூங்கிக்கொண்டிருந்த சர்வர்

செம்பூரில் நான் நிர்வாகம் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் ஒரு நோயாளியின் ரிப்போர்ட் வெளியே கசிந்துவிட்டது. எனக்கு வரவேற்பில் இருக்கும் பெண்மீது சந்தேகம். அவளுடைய வேலைநீக்கக் கடிதம்கூட என் மேசையில் தயாராக இருந்தது.

அந்த ரிப்போர்ட்டை யார் திறந்தது என்று சர்வரில் பார்த்துச் சொல்ல தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, மழையில் நனைந்த சட்டை. ஒவ்வொரு கட்டளையையும் தட்டுவதற்கு முன் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஏசியின் ஒரே சீரான இரைச்சலில், அவர் கனவில் யாருடனோ பேசுவதுபோல் இருந்தது.

“அவ பேருதானே இருக்கு?” என்றேன்.

“யாரு பேருமே இல்ல சார். யாரு எதைத் திறந்தாங்கன்னு எழுதிவைக்கிற வசதிய இதுல ஆன் பண்ணவே இல்ல. இப்பதான் பண்ணியிருக்கேன். இனிமே நடக்கறதுதான் பதிவுல விழும்.”

“அவதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“நல்லாருக்கே! இப்பவரைக்கும் தூங்கினவனப் போயி சாட்சி சொல்லச் சொல்லுதீங்களே!”

சிரித்தபடியே, ‘யார் என்று தெரியாது’ என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பெண் இன்றும் காலையில் “குட் மார்னிங் சார்” என்கிறாள். அன்று நான் கேட்டதை அவர் எழுதித் தந்திருந்தால், அதை நானே நம்பியிருப்பேன்.