அம்மா ஓட்டிய பந்தயம்

மாகறல் வளைவில் ஸ்கூட்டரைத் திருப்பும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகவாய் என் தோள்மேல் வந்து அழுந்தியது. என் பள்ளிக்கூட நாட்களில், உத்திரமேரூர் வீட்டில், அண்ணனின் கம்ப்யூட்டர் முன்னால் அவள் இப்படித்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பாய் கடையிலிருந்து அண்ணன் பைக் ரேஸ் கேம் சிடி வாங்கி வந்திருந்தான். நிஜ வண்டி மாதிரியே முன் பிரேக் தனி, பின் பிரேக் தனி, மழை பெய்தால் டயர் வழுக்கும், வளைவில் பிரேக்கை அழுத்தினால் ஆள் உருண்டு விழுவான் என்று அடுக்கிக்கொண்டே போனான். எதுவும் அம்மா காதில் ஏறவில்லை. அவன் ஒரு பட்டனைத் தட்டியதும் வண்டி மறைந்து, திரையில் ரோடு மட்டும் நின்றது.

"இன்னாடா இது, ரோடு நம்ம மேலயே வருது?"

"ஓட்றவனுக்கு இப்டிதாம்மா தெரியும்."

அப்பாவின் வண்டியில் ஒருபக்கமாகவே உட்கார்ந்து போனவள் அவள். இடப்பக்கத்து வயல்களும் அப்பாவின் முதுகும்தான் அவளுக்குத் தெரிந்த வழி.

"தள்ளுடா, நான் ஓட்றேன்."

மாட்டுவண்டி வேகத்தில் போனாள். மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு தாண்டின. ஒவ்வொரு வளைவிலும் நாற்காலியோடு சாய்ந்து, "அந்தாண்ட இன்னா கீது?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"எல்லாரும் முடிச்சிட்டாங்கம்மா. நீதான் கடைசி" என்றான் அண்ணன்.

"போவட்டும் வுடு. முன்னாடி யாரும் மறைக்கல பாரு."

மாகறல் வளைவில், ஹெல்மெட் போட்ட தலையை நான் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.