வெண்ணெய்க்கும் கழுதைக்கும் நடுவில் ஒரு குண்டூசி

“இந்தக் கதைக்கு ஆதாரம் எங்கேம்மா?” என்று கேட்டாள் அக்கா. ஆதாரம் எதற்கு, படித்தாலே புரிகிறதே என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தொகுப்பாசிரியை. “படிக்க நல்லாத்தான் இருக்கு. எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?” அக்கா ஒரு குண்டூசியை எடுத்து அந்தத் தாளில் குத்தினாள்.

அச்சகத்தில் பக்கம் அமைக்கும் அக்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். ஓரத்தில் ஆதாரம் குறிக்காத தாளில் ஊசி ஏறும். ஊசியை எடுக்காமல் தாள் அச்சுக்குப் போகாது. முதலாளியின் முன்னுரையே ஒருமுறை குத்து வாங்கியதாம். எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர் குண்டூசி.

புதியவள் தொகுத்த முதல் புத்தகம் அது, ஐரோப்பியச் சொற்களைப் பற்றிய மாணவர் கையேடு. வேலை நிரந்தரமாவது அதை நம்பியிருந்தது. ‘புர்ரோ’ என்றால் ஸ்பானிய மொழியில் கழுதை. போர்ச்சுகீசியத்திலும் கழுதைதான், முட்டாளையும் அப்படித் திட்டுவார்கள். இத்தாலிய மொழியிலோ வெண்ணெய். வெண்ணெய்க் குடங்களைக் கழுதைகள் சுமந்ததால் அவற்றின் பெயர் சுமைக்கும் ஒட்டிக்கொண்டது என்று அவளே கதை கட்டியிருந்தாள். முதலாளிக்கு அது பிடித்துப்போய், பின்னட்டையில் போடச் சொல்லிவிட்டார்.

முகம் சிவக்க நூலகத்துக்குப் போனவள், மாலையில் முகம் வெளுத்துத் திரும்பினாள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இத்தாலிய வெண்ணெய் கிரேக்கத்தில் கிளம்பி லத்தீன் வழியாக வந்தது. ஆங்கில ‘பட்டர்’ அதன் பங்காளி. கழுதையோ குட்டைக் குதிரையைக் குறித்த வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

“ரயில்ல என் சாடையில ஒருத்தி வந்தா, தங்கச்சின்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேனா?” என்றாள் அக்கா.

பின்னட்டையில் அந்தக் கதை அடங்கவில்லை, பக்கத்தையும் மாற்ற வேண்டும், ஒரு நாள் கொடுங்கள் என்று முதலாளியிடம் அக்காவே போய்ச் சொன்னாள். அக்கா ஆதாரமில்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான். மறுநாள் திருத்திய தாள் அச்சேறியது. புதியவளின் பிழை வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவள் வேலையும் நிலைத்தது.

அவள் நன்றி சொல்லப் போனாள். அதற்குள் அக்கா கொஞ்சம் கூச்சத்தோடு முந்திக்கொண்டாள்.

“அந்தக் கழுதைக் கதைய ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. எம்பொண்ணுக்குப் படிச்சுக் காட்டணும். மேல மட்டும் ‘கட்டுக்கதை’ன்னு கொட்டையா போட்டுடு.”