கல்கத்தாவில் இருந்த எங்கள் பாட்டுப் புத்தகம்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்க விபத்துகளில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் பாடிய ஒப்பாரிகளை என் அக்கா கேட்டுக் கேட்டு எழுதி, பங்காருபேட்டையில் ஒரு சிறு அச்சகத்தில் புத்தகமாகப் போட்டாள். அடுத்த கோடையில் எங்கள் வீடு தீப்பிடித்தது. விற்காமல் கிடந்த பிரதிகள் எல்லாம் எரிந்துபோயின. பாடியவர்களில் பலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். அக்கா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

"எந்தப் புஸ்தகம் அச்சடிச்சாலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒண்ணு அனுப்பணும்னு சட்டம். இதையும் அனுப்பிச்சேன்பா" என்றார் அச்சகக்காரர். கால்பந்துப் போட்டிக்காக அங்கே போனபோது நூலகத்தைத் தேடிச் சென்றேன். வங்காளி அலுவலர் ஒருவர் புத்தகத்தை எடுத்து வந்தார். எங்கள் மெல்லிய புத்தகத்துக்குக் கெட்டி அட்டை கட்டியிருந்தார்கள்.

அக்காவிடம் ஒரு பிரதிகூட இல்லை, கொடுத்துவிடுங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

"உங்களிடம் கொடுத்துவிட்டால், நாளை வந்து கேட்பவருக்கு எதைக் கொடுப்பேன்?" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. அவரோ தாளும் பென்சிலும் தந்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். புத்தகத்தைப் பார்த்து எல்லாப் பாட்டுகளையும் மாலைவரை எழுதினேன்.

ஊர் திரும்பி அக்காவிடம் தாள்களைத் தந்தேன். "புஸ்தகத்த குடுக்க மாட்டேன்னுட்டாங்கக்கா. கெட்டி அட்டை போட்டு பத்திரமா வெச்சிருக்காங்க."

"குடுக்காததே நல்லதுடா" என்றாள். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபடி, "நம்ம அழுதத அட்டை போட்டு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

தேசம் என்பது அதுவரை எனக்குப் பள்ளியில் படித்த ஒரு சொல்தான். அதற்குள் எங்கள் தெருவும் இருக்கிறது என்பதை அன்றுதான் நம்பினேன்.