பெயரில்லாத மனு

என் வீட்டுக்காரர் ஜெபசீலன் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். சாயங்காலம் வீட்டில் டியூஷன். வருஷா வருஷம் அவர் உருகி உருகி நடத்துவது ஒரு பழைய ஆங்கிலக் கவிதை. பனி கொட்டும் பெருநகரத்தில் ஒரு தாய், செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பணக்கார வீட்டுக் கதவுகளைத் தட்டுவாள். ஒருவரும் திறக்க மாட்டார்கள். "அவளுக்குக் கவிதையில பேரே கிடையாது. ஏன்? ஏழைங்க எல்லாருமே அவதான். இந்தப் பாயிண்ட்டை விட்டுடாதீங்க, மார்க் போயிடும்" என்பார். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். நல்ல மனுஷன். அடுப்பில் பால் பொங்கினால் அணைக்கத் தெரியாது, அது வேறு விஷயம்.

2006இல் நடந்தது இது. ரெஜினா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் புருஷன் சவுரிமுத்து மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மெண்ட்டின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். கூட்டிப்போன கான்ட்ராக்டர் பிணத்தை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கே அடக்கமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் லோகநாதன் தேடி வந்து, தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றார்.

"சார், கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடு சார்" என்று ரெஜினா இவரிடம் வந்து நின்றாள். "அந்தாளு குடிச்சிட்டு சாவலன்னு எழுதணும். நாளைக்கு எம்புள்ளைங்கள எவனும் அத சொல்லக் கூடாது."

இவர் உட்கார்ந்தார். எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். "என்னங்க, அந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு முதல்ல ஒரு கையெழுத்து வாங்குங்களேன்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "இரு யூனிஸ், படிக்கிறவன் மனசைத் தொடணும்" என்றார். அப்படியே வாரங்கள் போயின.

ஒரு திங்கட்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனு வாங்குகிறவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "இங்கிலீஷ் பிரமாதம் சார்" என்றார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செத்தது யாரு? எந்த அபார்ட்மெண்ட்? யாரு பாத்தது? ஒண்ணுமே இல்லையே."

வெடுக்கென்று வாங்கிப் படித்தேன். நகரத்தின் மனசாட்சி இருந்தது. மூடிய கதவுகள் இருந்தன. மேடவாக்கத்தில் பனிகூடக் கொட்டியது, என்ன கொடுமை! 'ஓர் ஏழைத் தொழிலாளி' என்று இருந்ததே தவிர, சவுரிமுத்து என்று ஓர் இடத்தில்கூட இல்லை. இவர் ஓரத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, சாட்சியை அழைத்து வாருங்கள் என்றார்கள்.

அங்கிருந்து நேரே மேடவாக்கம் போனோம். வாட்ச்மேன் நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். "லோகநாதனா? அவர வேலய வுட்டு அனுப்பிட்டாங்க. சொந்த ஊருக்குப் பூட்டாரு. எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?" உள்ளேயிருந்து செக்ரட்டரி வந்தார். எங்கள் தொட்டியில் யாரும் இறங்கவே இல்லை என்றார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்க நாக்கு துறுதுறுத்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கேட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது?

மனு அதற்கு மேல் நகரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், கூடத்தில் இவர் அந்தக் கவிதையை ஆரம்பித்தார். குரல் பழையபடி எழும்பவில்லை. சமையலறையில் ரெஜினா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் இன்னா பாடம்க்கா எடுக்குறாரு?"

கதையைச் சொன்னேன். தேய்க்கிற கை நின்றுவிட்டது.

"அந்தம்மா பேரு இன்னாக்கா?"

"பேரு போடல ரெஜினா."

அவள் குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தண்ணீரில் காட்டினாள்.

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.